முடி கொட்டினால் முதலில் தேத்தண்ணியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மகளிர் பக்கத்தில் கூந்தலுக்கு எண்ணெய் காய்ச்சும் முறைகளைப் பக்கம் நிறையப் போட்டிருந்தீர்கள். தோட்டத்துப் பாட்டிமார் எல்லாருக்கும் முட்டிவரை முடி இருந்ததாகவும், அது எண்ணெய் வைத்த பலன் என்றும் அதில் எழுதியிருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கல்யாணம் காட்சி என்றால், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) சுவரில் ஆணியில் தொங்கும் சவுரியை எடுத்து வைத்துத்தான் கொண்டை போடுவார். மற்ற நாளில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு முடிச்சு, அதன்மேல் இறுக்கிக் கட்டிய துணி. ரப்பர் பால் தெறித்து முடியில் காய்ந்துவிட்டால், தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, இழை இழையாக உரித்து எடுப்பார். எண்ணெய்க்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. இரத்தம்தான் இல்லை. அந்தக் காலத் தோட்டங்களில் கொக்கிப்புழு சர்வசாதாரணம். வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தோல் வழியாக உள்ளே போய், குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். 26 வயது. ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. போன வருஷம் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளும், பார்த்தால் அவள் முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது யாருக்கும் உள்ளதுதான். இது கை நிறைய வந்தது. கைப்பேசியில் நேரலை விற்பனை பார்த்து 68 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு எண்ணெய் வாங்கினாள். அப்புறம் அதே ஆளிடம் மாத்திரை. இரண்டு மாதம் போனது, முடியும் போனது.

கடைசியில் அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். சீட்டு ஒரு வெள்ளி. இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை என்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்து வரும் சோகையில் முடியும் கொட்டுமாம். டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். மாதவிடாய் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, என்னைப் பார்த்து, “மக்சிக் (ஆன்ட்டி), இவங்க சாப்பாட்டோட தே குடிப்பாங்களா?” என்று கேட்டார்.

குடிப்பதா? அவள் வளர்ந்ததே அதில்தான். காலையில் தே ஓவில் (பால் இல்லாத தேத்தண்ணியில்) பிஸ்கட் தொட்டுச் சாப்பாடு, கேண்டீனில் மீ கோரிங்கோடு (பிரட்டிய மீ நூடுல்ஸ்) தே ஐஸ், ராத்திரி மேகியோடு இன்னொரு குவளை. எங்கள் வீட்டில் மட்டுமா? சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி வைக்காத தோட்டத்து வீடு எனக்குத் தெரிந்து இல்லை. தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறதாம். எலுமிச்சை, கொய்யா, தக்காளி இதற்கு நேர்மாறு. அவற்றின் வைட்டமின் சி இரும்பை உள்ளே ஏற்றிவிடும். எனக்குக் கீரை சமைக்கத்தான் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் எதை வைப்பது என்று தெரியவில்லை.

வேலியில் முருங்கை தழைத்து நிற்கிறது. இப்போது அதை வதக்கி இறக்கியபின் எலுமிச்சை பிழிகிறேன். வாரத்துக்கு ஒருநாள் கோழி ஈரல், பசாரில் மலிவாகவே கிடைக்கிறது. மற்றபடி கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), முட்டை, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தட்டைப்பயறு. முடி என்பதே புரதம்தானே, வெறும் மீயில் அது எங்கிருந்து வரும்? தே குடிப்பதை நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அதனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்று ஒப்பந்தம். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் தேயிலோ பாலிலோ விழுங்கக்கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நாலாவது மாதம் குளியலறை அடைப்பது நின்றது. நெற்றியோரம் குட்டி முடி குத்திட்டு நின்றதை அவளே கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ‘15 நாளில் அடர்த்தி’ என்பவனை நம்பாதீர்கள்.

எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. குளிக்க ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய் வைத்தால் அது முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும், முடி உடைவதும் குறையும். ஆனால் வேரில் புதிதாக எதையும் முளைக்க வைக்காது. செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கும் தாளியும் அப்படித்தான். 1960-இல் நாட்டின் தேசிய மலரான அதே ‘புங்கா ராயா’ செம்பருத்தியின் இலை, சிக்கெடுக்க அதைப்போல வேறு கிடையாது, அவ்வளவே. பொடுகு உள்ளவர்கள் இந்த வேர்வை ஊரில் ராத்திரி முழுக்க எண்ணெயை ஊறவிட்டால் பொடுகு கூடும்.

இன்னொன்றும் எங்கள் வீட்டில் கண்டுபிடித்தேன். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க ஈரத்தலையை அப்படியே இழுத்து இறுக்கிக் கொண்டை போட்டு, அதன்மேல் தொழிற்சாலைத் தொப்பி. ஈர முடி இழுத்தால் லேசில் அறும். தினமும் இறுக்கினால் நெற்றியோர முடி பின்வாங்கும். இப்போது முந்தின நாள் சாயங்காலமே தலைக்குக் குளிக்கிறாள்.

டிங்கிக் காய்ச்சல் வந்து எழுந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் தானாகவே நிற்கும். வட்டமாக வழுக்கை விழுந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஐயா, 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்குச் சோகை என்று வந்தது. உங்கள் மகளிர் பக்கத்தைப் படிப்பவர்களும் அவர்கள்தான். முடி மாத்திரை விளம்பரம் வந்தால், சுகாதார அமைச்சின் ‘எம்ஏஎல்’ பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்குமுன் அதைச் சொல்லவேண்டும் என்றும் சேருங்கள். தைராய்டு போன்ற சில பரிசோதனை முடிவுகளை அது தப்பாகக் காட்டிவிடும். அப்புறம், அடுத்த முறை எண்ணெய் காய்ச்சும் குறிப்பு வரும்போது, அதற்கு மேலே தேத்தண்ணியைப் பற்றி இரண்டு வரி. இடம் போதாது என்றால் அந்த முட்டிவரைக் கூந்தல் படத்தை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.