எந்த பிராண்ட் நல்லது என்பது இரண்டாவது கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதன்முறையாக மோட்டர் ஹோம் (ஓட்டிக்கொண்டு போகிற வீட்டு வண்டி) வாங்குவோருக்கு என்று சென்ற வார வாகனப் பக்கத்தில் முழுப்பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். ஐந்து பிராண்ட், ஐந்து படம், ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரப் புள்ளி. ரொறன்ரோ ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கிறேன், கார் வேலைதான் அதிகம், ஆனால் கொரோனாக் காலத்துக்குப் பிறகு எங்கள் சனங்களின் மோட்டர் ஹோம்களும் வர ஆரம்பித்திருக்கின்றன. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிலர் வந்து "அண்ணை, இதில எது நல்லது?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பிராண்ட் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை முதல் கேள்வியாக வைத்தால் பிழையான வண்டியைத்தான் வாங்குவீர்கள்.

காரணம் எளிது. மோட்டர் ஹோமை ஒரே கம்பனி முழுதாகச் செய்வதில்லை. கீழே இருக்கும் எஞ்சினும் சேஸியும் (சக்கரத்தோடு கூடிய அடிச்சட்டம்) ஒருவருடையது. அது ஃபோர்ட் ஈ-450 ஆக இருக்கலாம், மெர்சிடிஸ் ஸ்பிரின்டராக இருக்கலாம், ராம் புரோமாஸ்டராக இருக்கலாம். அதற்கு மேல் வீட்டைக் கட்டுகிறவர் வேறு. அந்த வீட்டுக்குள் இருக்கும் ஃபிரிட்ஜ், ஹீற்றர், ஜெனரேற்றர், வெளியே இழுத்து விரிக்கும் வெயில் மறைப்பு எல்லாம் இன்னும் பல கம்பனிகளின் சாமான்கள். பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் இருப்பது வீட்டைக் கட்டியவரின் பெயர் மட்டும்தான். வாரண்டியும் அப்படியே துண்டு துண்டாகப் பிரிந்துதான் வரும். எஞ்சின் லைற் எரிந்தால் ஃபோர்ட் டீலர், கூரை ஒழுகினால் ஆர்வி (மோட்டர் ஹோம், ட்ரெய்லர் வகைகளுக்குப் பொதுப் பெயர்) டீலர், ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் அவர்கள் கைகாட்டும் இன்னொரு இடம். இது தெரியாமல் வாங்கிவிட்டு ஒவ்வொரு வாசலாக அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் உங்கள் கட்டுரையில் இல்லை. கடையில் வேறு வேறு பெயரில் நிற்பவற்றில் பல ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஜேகோ, என்டெக்ரா, ஏர்ஸ்ட்ரீம், டிஃபின் எல்லாமே தோர் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஒரே குழுமத்துக்குச் சொந்தம். ஜேகோவை 2016இலும் டிஃபினை 2020இலும் வாங்கினார்கள். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவேயிடம் இருக்கிறது, கோச்மன் அதற்குள் அடக்கம். நியூமாரை 2019இல் வின்னபேகோ வாங்கியது. ஜேகோ ரெட்ஹாக்கையும் என்டெக்ரா ஒடிசியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நிறமும் ஸ்ரிக்கரும் துணி வகையும்தான் பெரிதாக வேறுபடும். உங்கள் கட்டுரை ஒன்றுக்கு நாலரை நட்சத்திரமும் மற்றதற்கு மூன்றரையும் கொடுத்திருந்தது, எதை வைத்துக் கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிராண்டை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஒன்ராறியோவிலேயே ஒரு கதை இருக்கிறது. கிச்சனரில் 1974இல் தொடங்கிய ரோட்ரெக், கனடாவில் வான் வகை மோட்டர் ஹோம் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயராக இருந்தது. 2016இல் அதை ஜெர்மனியின் எர்வின் ஹைமர் குழுமம் வாங்கியது. பிறகு தோர் அந்த ஜெர்மன் குழுமத்தையே வாங்கப் போனபோது இங்கே கணக்குகளில் கோளாறு வெளியே வந்தது, வட அமெரிக்கப் பிரிவை மட்டும் கழற்றிவிட்டுத்தான் 2019 பெப்ரவரியில் வியாபாரத்தை முடித்தார்கள். அதே மாதம் கிச்சனர், கேம்பிரிட்ஜ் ஆலைகள் மூடப்பட்டு 800க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். பிறகு பிரான்சின் ரப்பிடோ கம்பனி பெயரை வாங்கி உற்பத்தியை மறுபடி தொடங்கியது. பெயர் பிழைத்துவிட்டது, ஆனால் ஆலை மூடுவதற்கு முந்தைய வருடம் வண்டி வாங்கி வாரண்டிக் கடதாசியைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்து ரோட்ரெக் வண்டிகள் மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை, பழையவை பல இன்னும் நன்றாகவே ஓடுகின்றன.

சரி, அப்படியென்றால் எதைத்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். என் கணக்கு இது. முதல் வண்டிக்குப் புதிது வேண்டாம். நாலு, ஐந்து வருடம் ஓடிய சின்ன கிளாஸ் சி (வான் முகப்புக்குப் பின்னால் தனியாக வீடு கட்டியது), இல்லாவிட்டால் கிளாஸ் பி வான் (வானுக்குள்ளேயே வீட்டை அமைத்தது), முந்தைய சொந்தக்காரரின் சேர்விஸ் பில்களோடு. பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் மனிற்றோபா வின்க்லரில் செய்யும் லெஷர் ட்ராவல் வான்ஸ், சஸ்கற்றூனில் செய்யும் பிளெஷர்-வே. இரண்டும் கனடாவிலேயே செய்கிற, எண்ணிக்கை குறைவாகக் கட்டுகிற கம்பனிகள், பழைய வண்டியும் விலை இறங்காது என்பதுதான் குறை. அயோவாவின் வின்னபேகோவில் ஒரு வசதி, பழைய மொடல்களுக்கும் வரைபடமும் பாகப் பட்டியலும் இணையத்தில் எடுக்கலாம். வேலை செய்கிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது சுவரைத் திறக்காமல் வயர் தேடியவனுக்குத்தான் தெரியும். நியூமார் நல்ல கட்டுமானம், ஆனால் அது பெரிய பஸ் வகை, முதல் தடவை வாங்குகிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஆனால் வருடத்தையும் பாருங்கள். 2021இல் வட அமெரிக்காவில் ட்ரெய்லர்களும் சேர்த்து 6 லட்சம் ஆர்விகள் ஆலையிலிருந்து வெளியேறின, இதுவரை அப்படி ஒரு வருடம் வந்ததில்லை. பெரும்பாலானவை இந்தியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் கட்டப்பட்டவை. பாகம் தட்டுப்பாடு, புது ஆட்கள், எத்தனை முடித்தாய் என்று பார்த்துக் கூலி கொடுக்கும் முறை, இதெல்லாம் சேர்ந்த அவசரத்தில் கட்டிய வண்டிகள்தான் இப்போது பழைய வண்டிச் சந்தையில் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே கெட்டவை என்று சொல்லமாட்டேன். 2021, 2022 என்று இருந்தால் இரண்டு மடங்கு நேரம் எடுத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

எதைப் பார்ப்பது? தண்ணீர். மோட்டர் ஹோமைக் கொல்வது எஞ்சின் இல்லை, தண்ணீர்தான். எஞ்சினை மாற்றலாம், உக்கிப்போன சுவரை மாற்றுகிற செலவில் இன்னொரு வண்டி வாங்கிவிடலாம். கிளாஸ் சி வண்டியில் ஓட்டுநர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு கட்டில் இருக்குமே, பிள்ளைகள் சண்டை பிடிப்பது அதற்குத்தான், முதலில் அந்த மெத்தையைத் தூக்குங்கள். முன் மூலை இரண்டையும் பெருவிரலால் அழுத்துங்கள். பலகை பிஸ்கட் மாதிரி அமுங்கினால் அங்கேயே இறங்கி வீட்டுக்குப் போகலாம். பிறகு மேல் அலுமாரிகளைத் திறந்து, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ரோர்ச் அடித்துக் கறை தேடுங்கள். வெளியே வந்து சுவரோடு கன்னத்தை வைத்து நீளவாக்கில் பாருங்கள், வெயில் சாய்வாக விழும் நேரமென்றால் இன்னும் நல்லது. ஃபைபர்கிளாஸ் தோல் உள்பலகையிலிருந்து கழன்றிருந்தால் கொப்புளம் போலத் தெரியும். ஏணியில் ஏறிக் கூரையில் ஓட்டைகளைச் சுற்றிப் பூசியிருக்கும் பசை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். "கூரையில் ஏற விடமாட்டோம்" என்று சொல்கிற விற்பனையாளரிடம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. தாங்கியில் தண்ணீர் நிரப்பச் சொல்லி, பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் இறுக்க மூடிவிட்டு ஒரு பத்து நிமிடம் யாரும் பேசாமல் உள்ளே இருங்கள். பம்ப் தானாக ஒரு தடவை டக டக என்று ஓடி நின்றால் எங்கேயோ கசிகிறது. எங்கள் குளிரில் இது சாதாரணம், பனிக்காலத்துக்கு முன் குழாய்களில் இளஞ்சிவப்பு அன்ரிஃபிரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஏற்றாமல் விட்டிருந்தால் உள்ளே தண்ணீர் உறைந்து பொருத்துகள் வெடித்திருக்கும், அது கட்டிலுக்குக் கீழே மெதுவாக ஊறிக்கொண்டிருக்கும்.

ரயர் பற்றி ஒரு வரி. மோட்டர் ஹோம் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், பூ தேயாமலே ரயர் கிழவனாகிவிடும். ரயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் டிஓரி (DOT) எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் புது ரயர்களின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

இனி எங்கள் குடும்பங்களுக்கென்றே ஒன்று. "எட்டுப் பேர் படுக்கலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். படுக்கலாம், ஆனால் ஓடும்போது எத்தனை பேருக்கு சீற் பெல்ற் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பல வண்டிகளில் கட்டிலைவிடப் பெல்ற் குறைவு, குழந்தை இருக்கையை ஒழுங்காகப் பூட்டக்கூடிய இடம் அதிலும் குறைவு. அம்மம்மா, பெரியப்பா குடும்பம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று கனவு காணுகிறவர்கள் வாங்குவதற்கு முன் எல்லாரையும் ஒருக்கால் உள்ளே உட்கார வைத்துப் பாருங்கள். அதோடு பாரமும் இருக்கிறது. கதவின் உட்பக்கம் மஞ்சள் நிற லேபிள் ஒன்று ஒட்டியிருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று. ஈ-450 சேஸியின் மொத்த எடை எல்லை 14,500 இறாத்தல், கிட்டத்தட்ட 6,577 கிலோ. அதே சேஸியில் 25 அடி வீடும் கட்டுவார்கள், 32 அடி வீடும் கட்டுவார்கள், நீளம் கூடக் கூட உங்களுக்கு மிஞ்சுவது குறையும். ஆறு பேர் தலைக்கு 70 கிலோ என்றாலே 420. தாங்கியில் 150 லீற்றர் தண்ணீர் என்றால் இன்னொரு 150 கிலோ. அதற்கு மேல் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி, அரிசி மூட்டை, காஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி என்று நாங்கள் எப்படிப் போவோம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கட்டுரையில் இந்த மஞ்சள் லேபிளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஒன்ராறியோவில் கார் ஓட்டும் சாதாரண ஜி லைசன்ஸிலேயே 11,000 கிலோ வரை உள்ள வண்டியை ஓட்டலாம், ஏர் பிரேக் வண்டி என்றால் லைசன்ஸில் இசட் அனுமதியும் வேண்டும். டீலரிடம் கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்க இந்த மாகாணத்தில் அவகாசம் எதுவும் கிடையாது, வாகன விற்பனையைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பே அதைத் தெளிவாகச் சொல்கிறது. அதனால் சுயாதீனப் பரிசோதகர் பார்த்த பிறகுதான் வாங்குவேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். பெட்ரோல் 100 கிலோமீற்றருக்கு 25 லீற்றர் சுற்றிக் குடிக்கும். வீட்டு வாசலில் நிறுத்த உங்கள் நகராட்சி விடுமா என்று முதலே விசாரியுங்கள். வங்கி இருபது வருடக் கடன் தருகிறதே என்று வாங்காதீர்கள், பாதிக் கடன் இருக்கும்போதே வண்டியின் பெறுமதி அதற்குக் கீழே போயிருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு தடவையாவது வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கனாட்ரீம், குரூஸ் கனடா இருக்கின்றன, சொந்தக்காரரிடமிருந்து நேரே எடுக்க ஆர்வீஸி இருக்கிறது. அல்கொன்குவின் மாகாணப் பூங்காப் பக்கம் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தால், கழிவுத் தாங்கியைக் காலி செய்வது உங்களுக்குச் சரிவருமா, உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ அந்தக் குளியலறை போதுமா என்பதெல்லாம் எந்த நட்சத்திரப் பட்டியலும் இல்லாமல் தெரிந்துவிடும். மாகாணப் பூங்காக்களில் இடத்துக்கான முன்பதிவு ஐந்து மாதம் முன்பே திறக்கும், கோடை வார இறுதி என்றால் காலை ஏழு மணிக்கே கணினி முன்னால் இருக்க வேண்டும். இடத்தின் நீள எல்லையும் அங்கேயே போட்டிருக்கும், 32 அடி வண்டிக்கு எத்தனை இடம் மறுக்கப்படுகிறது என்று அப்போது பார்ப்பீர்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைக்குக் கீழேயே ஒரு டீலரின் கால்பக்க விளம்பரம் இருந்தது, கட்டுரையில் முதலிடம் பெற்ற பிராண்டும் அவர்கள் விற்பதும் ஒன்றே. தற்செயலாக இருக்கலாம். அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது நட்சத்திரத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு பிராண்டையும் ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் எங்கே சேர்விஸ் செய்யலாம், வேறு டீலரிடம் வாங்கியிருந்தாலும் எடுப்பார்களா, கோடையில் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று தொலைபேசி எடுத்துக் கேட்டுப் போடுங்கள். முதல் வண்டி வாங்குகிறவருக்கு அந்தப் பட்டியல்தான் உதவும். சேர்விஸ் இடம் ஒன்ராறியோவின் லண்டன் நகரைத் தாண்டி இருக்கிற பிராண்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்க நினைப்பவர்கள் மே மாதத்தில் அவசரப்பட வேண்டாம், அப்போது எல்லாரும் தேடுவார்கள். செப்ரெம்பரில் வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் குளிர்காலத்தில் நிறுத்தும் வாடகையை நினைத்து விற்க விரும்புகிறவர்கள் விலையை இறக்குவார்கள். ஆனால் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் போய்ப் பாருங்கள், அதற்குப் பிறகு குழாய்களில் அன்ரிஃபிரீஸ் ஏற்றிவிடுவார்கள், பம்பைப் போட்டுப் பார்க்க யாரும் விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு கராஜ்காரன்