மணிக்கு ஊசி போடும் நாள் பற்றி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. உன் நாய் மணிக்கு இனிமேல் வலியில்லாமல் உயிரை அடக்கும் ஊசிதான் என்று டாக்டர் சொன்னதைச் சித்தியிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. கால்நடை மருந்தகத்திலேயே காலம் தள்ளியவன் நான். சரி, அது போகட்டும்.

சித்தி அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ட்ரிப்ஸ் ஏற்றியும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு இறங்கவில்லை என்றால் இனி சிறுநீரகம் தேறாது. டாக்டர் சொன்னது சரிதான். முடிவு எடுத்தபின் நாளைக் கடத்தாதே. தனியாகவும் போகாதே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிற நாளாகப் பார்.

போனதும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பணத்தையும் அப்போதே கட்டிவிடு. முடிந்தபிறகு பில் போடுகிற இடத்தில் போய் நிற்காதே. முதலில் தசையில் மயக்க ஊசி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலை சாய்ந்துவிடும். சில நாய் வாந்தி எடுக்கும், பயப்படாதே. அப்புறம் முன்காலில் முடியை மழித்து நரம்பில் ஏற்றுவார்கள். நீர் வற்றிய உடம்பில் நரம்பு லேசில் கிடைக்காது, டாக்டர் தடுமாறினால் கோபப்படாதே. ஏற்றுவது பெரும்பாலும் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துதான், ஆனால் அளவு மிக அதிகம். முதலில் நினைவு போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். ஓரிரு நிமிடம்தான்.

அதற்குப் பின்னால் வருவதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. கண் மூடாது, திறந்தபடியே இருக்கும். எல்லாம் முடிந்தபிறகும் மார்பு தூக்கி ஒரு பெருமூச்சு வரலாம், கால் துடிக்கலாம், சிறுநீர் போகலாம். பெரிய மீசைக்காரர்களே "ஐயோ, உயிர் இருக்கு" என்று கத்தி நான் பார்த்திருக்கிறேன். உயிர் இருக்காது, உடம்பு அடங்குகிறது, அவ்வளவுதான். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் தனியாகப் போகாதே என்கிறேன்.

காலி மனையில் புதைத்துவிடலாம் என்று வாட்ச்மேன் சொன்னால் கேட்காதே. மருந்து உடம்பிலேயே தங்கும். தெருநாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. வேளச்சேரி ப்ளூ கிராஸ் பிராணிகள் காப்பகத்தில் எரியூட்டும் வசதி உண்டு, முன்னதாகவே போன் செய்து கேட்டுவை.

மணியை நீ ஒருத்தியே மூன்று மாடி தூக்கி இறக்குகிறாயாம். முப்பது கிலோ நாய். கேட்டதும் பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்தபிறகு, ஏன் ஒருத்தியே என்று யோசனை வந்துவிட்டது. நம்ம ஊர் ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கித் தருகிறேன் என்றபோது லேப்ரடார்தான் வேண்டும் என்று நின்றவர் மாப்பிள்ளை. தீபாவளிக்கும் நீ மட்டும்தான் வந்தாய். வேலை அதிகம் என்றாய். நானும் அம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அவருக்கு லீவு கிடைக்காது என்றால் சொல். பொதிகை ரயிலில் வியாழக்கிழமைக்கு இடம் இருக்கிறது, நான் வருகிறேன். ஹாலில் படுத்துக்கொள்வேன். டாக்டரிடம் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவை. அதுவரை மணி தயிர்சோறு தின்றால் கொடு, பட்டினி போட வேண்டாம். நீயும் சாப்பிடு.

அப்பா