பொம்மைப் படம் பார்த்து அழுகிற அப்பா

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். "ஏம்ப்பா, மனுஷங்க நடிச்ச படத்துக்கு ஒரு சொட்டு வராது, வரைஞ்ச பொம்மைக்குப் போய் அழுறீங்க?" என்றாய். பின்னாலிருந்து அம்மா "நல்லாக் கேளுடி" என்றாள். நாலு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் தட்டினால் பாதியில் விட்டுவிடுவேன் என்று தாளை எடுத்தேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 'ஜங்கிள் புக்' கதையில் காட்டில் வளர்கிற பையன் மோக்லியால். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் இந்தியில் வரும். எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது, டிவி இருந்ததும் ஒரே வீட்டில். திண்ணை ஜன்னல் வழியாகப் பார்ப்போம். அது ஜப்பானில் நிப்பான் அனிமேஷன் 1989இல் எடுத்த தொடர் என்று எனக்குத் தெரிந்தபோது கல்யாணமே ஆகிவிட்டது. நம் நாட்டுக் காட்டை ஓர் ஆங்கிலேயர் எழுதி, ஜப்பான்காரர்கள் வரைந்து, இந்தியில் பேச, தமிழ்ப் பையன்கள் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறோம். ஒரு வார்த்தை புரியாமலே எல்லாம் புரிந்தது. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன், நீ கணக்குப் படித்தவள். சினிமாவுக்கு வினாடிக்கு 24 சட்டகம், அதாவது 24 தனித்தனிப் படம். 1963 ஜனவரி 1ஆம் தேதி ஜப்பானில் ஒசாமு தெசுகா என்ற ஓவியர் 'ஆஸ்ட்ரோ பாய்' பொம்மைத் தொடரை டிவியில் தொடங்கினார். வாராவாரம் அரைமணி நேரம் தர வேண்டும். பணமும் இல்லை, வரைய அத்தனை கையும் இல்லை. ஓர் ஓவியத்தை மூன்று சட்டகத்துக்கு ஓட்டினார்கள், வினாடிக்கு 8 வரைந்தால் போதும். முகம் அப்படியே நிற்கும், வாய் மட்டும் அசையும். ஒருமுறை வரைந்ததைப் பத்திரமாக எடுத்துவைத்து அடுத்த வாரமும் போட்டார்கள். நாலு பேருக்கான அரிசியில் எட்டுப் பேருக்குக் கஞ்சி வைக்கிற வித்தைதான். சிக்கனத்துக்காக வந்த அந்த அசையாமையை வைத்தே பின்னால் வந்தவர்கள் பேசக் கற்றுக்கொண்டார்கள். 1995இல் தொடங்கிய 'எவாஞ்சலியன்' தொடரில் ஒரு லிஃப்ட் காட்சி உண்டு. இரண்டு பெண்கள், பேச்சே இல்லை. ஏறக்குறைய 50 வினாடி படம் அசையவே அசையாது, லிஃப்ட் ஓடுகிற சத்தம் மட்டும். காசில்லாமல் செய்தது என்று கிண்டல் செய்வார்கள். இருக்கட்டும். சண்டை போட்ட இரண்டு பேர் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அந்த நேரம் அப்படித்தானே நீளும்?

'ஸ்பிரிட்டட் அவே', 'மை நெய்பர் டோட்டோரோ' படங்களை எடுத்த ஹயாவோ மியாசாகி இந்த அசையாத நேரத்துக்கு ஒரு பெயர் சொன்னார். 2002இல் ரோஜர் ஈபர்ட் என்ற அமெரிக்க விமர்சகரிடம் பேசும்போது கையைச் சில முறை தட்டிக் காட்டி, இரண்டு தட்டுக்கும் நடுவே இருக்கிற நேரம்தான் 'மா' என்றார். நமக்கு இது புதிதே இல்லை. தாளத்தில் தட்டு மட்டுமா கணக்கு, சத்தமே வராத வீச்சும் ஓர் எண்ணிக்கைதானே. 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் சிஹிரோ தண்ணீருக்கு மேல் ஓடுகிற ரயிலில் போவாளே, ஞாபகம் இருக்கிறதா? பத்து வயதுப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பாள். நிழல் மாதிரி மனிதர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த ரயிலில் ஏறும்போது இருந்த குழந்தை வேறு, இறங்கும்போது வேறு.

நடிகர்கள் நடித்த படத்தில் பின்னால் ஒரு மரம் இருந்தால் காற்றுக்கு அதுவாக ஆடும். யாரும் அதை நினைத்திருக்க வேண்டியதில்லை. வரைகிற படத்தில் ஓர் இலை அசைந்தால், அசைய வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 'மை நெய்பர் டோட்டோரோ'வில் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற காட்சியில் ஒரு தேரை வரும். கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மழை நாளில் பஸ் வராமல் நிற்கிற குழந்தையின் கண்ணில் என்னவெல்லாம் படும் என்று யோசித்த யாரோ அந்தத் தேரை வரைந்தார்கள். எனக்குத் தொண்டை அடைப்பது இந்த மாதிரி இடத்தில்தான். சாகிற காட்சியில்கூட அவ்வளவு இல்லை.

டோட்டோரோ என்று எழுதிவிட்டேன். இனி அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த 18 நாளைச் சொல்லாமல் முடியாது.

2008இல் உனக்கு ஏழு வயது. அம்மா வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உன்னிடம் "சின்ன ஊசிதான், ரெண்டு நாளில் வந்துடுவா" என்று சொல்லிவைத்தேன். குழந்தைகளை உள்ளே விடவில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, உன்னைச் சமாளிக்க வழி தெரியாமல் ஆபீஸ் நண்பர் கொடுத்த டோட்டோரோ டிஸ்க்கைப் போட்டேன். ஜப்பானியப் பேச்சு, ஆங்கில எழுத்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதில் வருகிற அக்கா தங்கையின் அம்மாவும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று எனக்கு முன்பே தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டேன். மியாசாகியின் அம்மாவும் அவருடைய சின்ன வயதில் முதுகெலும்புக் காசநோயால் வருடக்கணக்கில் படுக்கையில் இருந்தவர் என்பது பிறகு படித்தது.

படத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வரும். அதுவரை பெரிய மனுஷி மாதிரி தங்கையைக் கட்டி மேய்த்த சாட்சுகி, பாட்டி முன்னால் உடைந்து அழுவாள். அம்மா செத்துப்போனா என்ன செய்வேன் என்று கீழே எழுத்தில் வந்தது. நான் ஒரு நொடி நிறுத்திவிட்டு, "அம்மாவுக்கு ஜுரம் வந்துட்டா என்ன பண்றதுன்னு கேக்குறா" என்றேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "இல்லப்பா. அவ அதைச் சொல்லல."

ஜப்பானிய மொழி உனக்கு ஒரு எழுத்து தெரியாது. இந்தி தெரியாமல் நான் மோக்லி பார்த்த மாதிரிதான். நான் சொன்ன பொய்யை அந்த வரைந்த முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்புறம் நீ என்னிடம் கேட்டாய், நான் அழுதேன், உண்மையைச் சொன்னேன். மீதிப் படத்தை மறுநாள்தான் பார்த்தோம். குட்டி மேய் தூக்கிக்கொண்டு ஓடிய சோளக் கதிரில் 'அம்மாவுக்கு' என்று கீறி, ஆஸ்பத்திரி ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார்கள். நீ கைதட்டினாய்.

அந்தப் படத்தோடு அதே நாளில், 1988 ஏப்ரல் 16ஆம் தேதி, ஒரே டிக்கெட்டில் வந்த இன்னொரு படம் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. அதை உனக்கு நான் போட்டுக்காட்டியதே இல்லை. இசாவோ தகாஹாதா எடுத்தது. போரில் ஜப்பானின் ஒகாயாமா நகரத்தில் 1945 ஜூன் 29ஆம் தேதி குண்டு விழுந்தபோது ஒன்பது வயதுப் பையனாகச் சகோதரியோடு வெறுங்காலில் ஓடியவர் அவர். போர்க்காலத்தில் தனித்து விடப்பட்ட ஓர் அண்ணன் தங்கையின் கதை, எழுதியவர் அகியுகி நொசாகா. படத்தில் அண்ணன் தங்கைக்காக எல்லாம் செய்வான். மிட்டாய் தீர்ந்த டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அந்த இனிப்பைக் கொடுப்பான். நிஜத்தில் நொசாகாவின் வளர்ப்புத் தங்கை ஒன்றரை வயதுகூட ஆகாமல் பட்டினியில் செத்தாள். தான் அந்த அண்ணன் மாதிரி இருக்கவில்லை, அவளுக்கான சோற்றையும் தானே தின்றதுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆக, அந்த நல்ல அண்ணன் அவர் கேட்ட மன்னிப்பு. படத்தில் வருகிற தங்கை செட்சுகோவின் குரல் நிஜமாகவே ஒரு சின்னக் குழந்தையுடையது. குரலை முதலில் பதிவுசெய்துவிட்டு, அதற்கேற்ப வாயை வரைந்திருக்கிறார்கள். குழந்தை இழுத்துப் பேசுகிற இடத்தில் ஓவியம் அதற்காகக் காத்திருக்கிறது. நான் ஒரே ஒருமுறை பார்த்தேன். உனக்கு ஒரு குழந்தை பிறந்த பிறகு பார்க்காதே, அதற்கு முன்னால் பார்த்துவிடு.

எல்லா அனிமேயும், அதாவது ஜப்பான் பொம்மைப் படமெல்லாம், இப்படி என்று சொல்ல மாட்டேன். கத்திக் கத்தியே சக்தியை ஏற்றுகிறவர்கள், நூறு எபிசோடாக ஒரே சண்டை, இதெல்லாம் எனக்குத் தலைவலி. உன் சித்தப்பா பையன் கோபித்துக்கொள்வான், அவனிடம் காட்டாதே.

நீ அனுப்பிய 'வயலட் எவர்கார்டன்' பத்தாவது எபிசோடையும் பார்த்தேன். சாகப்போகிற அம்மா, மகளுக்கு 50 பிறந்தநாளுக்குக் கடிதம் எழுதவைக்கிறாள். இருக்கிற கொஞ்ச நாளையும் எழுதியே தீர்க்கிறாயே என்று, கடிதம் தனக்குத்தான் என்பது தெரியாத குழந்தை கோபப்படுகிறது. குழந்தை சொல்வதும் நியாயம்தானே! அதை வரைந்த கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோவில் 2019 ஜூலை 18ஆம் தேதி ஒருவன் தீ வைத்தான். 36 பேர் செத்தார்கள். அப்படி ஒரு இலையை அசையவைக்க நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிறவர்கள். வேறென்ன எழுத.

சரி, உண்மையில் இந்தக் கடிதம் எழுத இன்னொரு காரணம் உண்டு. நீ போனை வைத்த பிறகு அம்மா, "அப்படி என்னதான் இருக்கு, போடுங்க பார்ப்போம்" என்றாள். டோட்டோரோவை அவள் பார்த்ததே இல்லை, நாம் பார்த்தபோது அவள் வார்டில் இருந்தாளே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அந்த அம்மா சாட்சுகிக்குத் தலைசீவுவாள். ரொம்பக் குட்டையா இல்லையா என்று கேட்பாள். எனக்கு இப்படித்தான் பிடிக்கும் என்பாள் பெண். அந்த இடத்தில் உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். "நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ இவ தலையை யார் பின்னிவிட்டது?"

என்னால் மறைக்க முடியவில்லை. எனக்குப் பின்னத் தெரியாததால் சலூனில் உட்காரவைத்து ஒட்ட வெட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பேன் தொற்றியதால் டீச்சர் வெட்டச் சொன்னதாக நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன கதை இத்தனை வருடம் தாங்கியது. அடுத்த ஞாயிறு போனில் உன்னிடமும் கேட்பாள். நீயும் ஒப்புக்கொண்டுவிடு.

அப்பா