ஏறாமல் நடக்க ஒரு பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்து நடைப்பாதைகளைப் பற்றி அண்மையில் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைப்பாதை, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 22 கட்டம். நல்ல விசயம். அதில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டி இறக்க வெட்டிய வண்டிப் பாதைகள்தான். வெட்டியது யார் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து நடக்கிறார்கள், வழியில் ரொட்டியும் தேத்தண்ணியும் விற்று நாலு குடும்பம் பிழைக்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் எழுதுவது வேறொரு நடையைப் பற்றி.

நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் 31 வருடம் தபால் பை சுமந்தவன் நான். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் இருக்கிற எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போக 214 படி. ஏறும்போது எண்ணினால் மூச்சு வாங்குவது தெரியாது என்று எண்ணிப் பழகினேன். அப்போது பை பாரம், இப்போது முழங்கால் பாரம். போதாதென்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சீனி வருத்தமும் வந்து சேர்ந்தது. கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. “ஐயா, ஏத்த இறக்கம் வேண்டாம். சமதரையில ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ” என்றார். “சமதரைக்கு நான் உங்கட ஊருக்குத்தான் வரணும் டொக்டர்” என்றேன். சிரித்துவிட்டார்.

சிரிப்பதற்குச் சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு இறக்கம், திரும்பி வர ஏற்றம். கோயிலுக்கு ஏற்றம், பஸ்ஸுக்கு இறக்கம். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போகக்கூடப் படி. வெளியூர்க்காரர்கள் ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். முழங்கால் நொந்தவனைக் கேளுங்கள், இறங்கும்போதுதான் உயிர் போகும். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், இறங்கும்போது உடம்பின் பாரமெல்லாம் முழங்கால் சிரட்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் மனைவி 35 வருடம் கொழுந்து எடுத்தவள். முதுகில் கூடையோடு சரிவில் நின்றவள், இன்று இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். மலையில் அதிகம் நடந்தவர்களுக்குத்தான் கடைசியில் நடக்க இடமில்லை.

வேறு வழி தெரியாமல் கொஞ்ச நாள் இருவரும் ரயில் பாதையில் நடந்தோம். தண்டவாளத்தில் நடப்பது குற்றம் என்று தெரியும். எல்ல என்கிற ஊர்ப் பக்கம் தண்டவாளத்தில் படம் எடுக்கப் போய் உயிரை விட்டவர்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். இருந்தாலும் எங்கள் ஊரில் பாதி சனம் அதில்தான் நடக்கிறது, ஏனென்றால் அது ஒன்றுதான் கிட்டத்தட்ட மட்டம். சிலிப்பர் கட்டைகளில் நடந்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். ஒவ்வொரு கட்டையாக வைத்தால் குழந்தை நடை, ஒன்று விட்டு ஒன்று வைத்தால் தாண்டல். நடுவில் கால் வைத்தால் கல் புரளும். ஒரு நாள் பனிமூட்டத்தில் வளைவில் ரயில் வந்தது. சத்தம் கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மனைவி என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து மண் சுவரோடு ஒட்ட வைத்தாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும் வரை அவள் கையை விடவில்லை. “இனிமே இந்தப் பக்கம் வந்தா நான் வர மாட்டேங்க” என்றாள். அத்தோடு நிறுத்திவிட்டோம்.

ஆனால் அந்த நடையில் ஒன்று புரிந்தது. 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்த இந்தப் பாதையில் மிகச் செங்குத்தான இடத்திலும் 44 அடி போனால் ஓர் அடிதான் ஏற்றம். அதற்கு மேல் என்றால் பாரம் இழுக்கிற நீராவி எஞ்சினுக்கு மூச்சு முட்டும். எஞ்சினுக்கும் எனக்கும் ஒரே வருத்தம். ஒருவனுக்காக வெட்டிய பாதை மற்றவனுக்கும் பொருந்தும்தானே?

நுவரெலியாவில் கிரகரி ஏரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உண்டாக்கியது. அந்தக் கரை மட்டத்தைப் போல் சுகம் வேறில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே போக பஸ், உள்ளே போக டிக்கெட். வெளியே ரோட்டோரமாக நடந்தால் ஒரு பக்கம் மரக்கறி லொறி, மறுபக்கம் மூடாத தண்ணீர்க் கான். ஏப்ரல் வசந்த காலக் கூட்டத்தில் அந்தப் பக்கமே தலை காட்ட முடியாது. மாதத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளைகளோடு போகலாம். டொக்டர் சொன்னது தினமும் நடக்க.

இனித்தான் சொல்ல வந்த விசயம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டு, லொறியோடு போட்டி போட முடியாமல் 1940களில் மூடிவிட்டார்கள். என் அப்பா சிறுவனாக அதன் பின்னால் ஓடியிருக்கிறார். ஏற்றத்தில் பிள்ளைகள் ஓடியே எட்டிப் பிடிக்கிற அளவுக்குத்தான் அதன் வேகம் என்பார். தேயிலை இறங்கும், அரிசி ஏறும்.

தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள், மலையில் வெட்டிய வெட்டை யாரும் கழற்ற முடியாது. பாதி ரோட்டோடு போய்விட்டது. சில இடங்களில் லீக்ஸ் பாத்தி, சில இடங்களில் வீடுகள். வீடு கட்டிக் குடியிருப்பவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, எழுப்பவும் கேட்கவில்லை. மிச்சத்தைக் கண்டுபிடிப்பது லேசு. கந்தப்பளைப் பக்கம் டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்றில் போனபோது ஒரு கான் குறுக்கிட்டது. அதன் மேல் செதுக்கிய கருங்கல்லில் ஒரு குட்டிப் பாலம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கத்தி நுழையாது. நாலு ஆடும் விறகுக் கட்டும் போகிற பாதைக்கு இப்படி ஒரு பாலம் யார் கட்டினார்கள் என்று நின்று பார்த்தேன். அப்புறம்தான் பாதையைப் பார்த்தேன். வளைவுகூட அவசரப்படாமல் பெரிய வட்டமாகத் திரும்புகிறது. மனிதன் போட்ட குறுக்குப் பாதை அப்படித் திரும்பாது. அன்று அரை மணித்தியாலம் நடந்தேன், முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் தடி இருந்ததையே மறந்துபோனேன்.

பொய் சொல்லக்கூடாது, அது முழுக்க மட்டமில்லை. நானுஓயாவை விட நுவரெலியா எவ்வளவோ உயரம், அந்தப் பகுதியில் சின்ன ரயிலும் திணறித்தான் ஏறியிருக்கும். ஆனால் எங்கள் படிக்கட்டுகளோடு பார்த்தால் அது விளையாட்டு மைதானம்.

இங்கே ரயில் போட்ட இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டில் மூடிய ரயில் பாதைகள் பலவற்றை நடைபாதையாக்கிவிட்டார்கள். என் மனைவியின் தங்கை மகள் அங்கே இருக்கிறாள், போனில் படம் அனுப்பினாள். தள்ளுவண்டியில் குழந்தை, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, சைக்கிளில் பையன்கள், எல்லாரும் ஒரே பாதையில். பாட்டிக்கு என் வயதுதான் இருக்கும்.

இதை முன்பே ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, “சுற்றுலாத் திட்டமா?” என்று கேட்டார். இல்லை, முழங்கால் திட்டம் என்றேன். அவருக்கு எந்தக் கோப்பில் போடுவதென்று தெரியவில்லை.

பெரிய திட்டம் கேட்கவில்லை. முதலில் எது மிச்சம் இருக்கிறது என்று அளந்து வரைபடத்தில் போடட்டும், இல்லையென்றால் பத்து வருடத்தில் அதுவும் பாத்தியாகிவிடும். பிறகு டவுனுக்கோ பஸ் நிற்கிற இடத்துக்கோ கிட்டவாக ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் துப்புரவாக்கினால் போதும். கொங்கிரீட் போட வேண்டாம், எங்கள் மழைக்கு ஒரே வருடத்தில் பாசி பிடித்து வழுக்கும். இறுக்கிய சரளைதான் நல்லது. தண்ணீர் ஓடக் கான் வெட்டத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர். இடையிடையே முதுகு சாய்க்க ஒரு பெஞ்சு வேண்டும். முதுகுப் பலகை இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தால் எங்களால் எழும்ப முடியாது. இதைப் போடுகிறவர்கள் எல்லாரும் இளைஞர்கள், அதுதான் மறந்துவிடுகிறார்கள்.

அளக்க யாராவது வந்தால் அந்தக் கல்பாலத்தை நானே கூட்டிப்போய்க் காட்டுவேன். காலையில் வரச் சொல்லுங்கள், பின்னேரம் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டால் பாலத்தின் மேல் நின்றாலும் பாலம் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தபால்காரர்,
நானுஓயா.