தாம்சன் சாலை மேட்டிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுக் கார்ப் பந்தயத்துக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போனதை எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் இங்கே சிங்கப்பூரில் நம் பழைய அப்பர் தாம்சன் சாலை ஞாபகம் வந்துவிட்டது. போன ஞாயிறு காலை அங்கே ஒரு நடை போய் வந்தேன்.

காடு அப்படியேதான் இருக்கிறது. குரங்குகள் சாலை ஓரத்தில் குட்டியோடு உட்கார்ந்திருக்கின்றன. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்தது இந்தச் சாலையில்தான் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மற்ற நாளெல்லாம் பேருந்தும் லாரியும் போகிற சாலை. ஓரத்தில் மழைநீர்க் கால்வாய், விளக்குக் கம்பம், மரம். தடம் மாறினால் அவற்றில்தான் போய் மோத வேண்டும். நேர்ச்சாலையில் ஒரு மேடு இருக்குமே, அங்கே கார் தரையை விட்டு எழும்பும்போது உன் அப்பா நம் இருவர் தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நியூசிலாந்து ஓட்டுநர் கிரேம் லாரன்ஸ் 1969, 70, 71 என்று தொடர்ந்து மூன்று முறை ஜெயித்த காலம். 1972இல் ஓர் ஓட்டுநரும் 1973இல் இன்னொருவரும் உயிரிழந்தார்கள். அதோடு பந்தயம் நின்றது. நிறுத்தியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன், ஆனாலும் அந்த இரைச்சல் காதை விட்டுப் போகவில்லை.

பேர்பெற்ற தடங்கள் எல்லாவற்றிலும் நிலம் முதலில், பந்தயம் பிறகு. மொனாக்கோ 1929 முதல் ஊருக்குள்ளேயே ஓடுகிறது, 3.337 கிலோமீட்டர்தான், முந்துவதற்கு இடமே கிடையாது, இருந்தும் அதில் ஜெயிக்காத ஓட்டுநருக்கு மனக்குறை தீராது. பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஓ ரூஜ் பள்ளத்தில் இறங்கி, உடனே செங்குத்தான ரெடியோன் மேட்டில் ஏற வேண்டும்; மேலே என்ன இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. ஏழு கிலோமீட்டர்ச் சுற்று என்பதால் ஒரு மூலையில் மழை, மறு மூலையில் வெயில். புதிதாகக் கட்டும் பல தடங்களில் தவறினாலும் அகலமான தார்த் தரையில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். எனக்கு அவை மனத்தில் ஒட்டுவதில்லை.

நம் சிங்கப்பூர் மரினா பே தெருத் தடம் ஒட்டுகிறது. 2008இல் ஃபார்முலா ஒன் என்ற உலகக் கார்ப் பந்தயத் தொடரின் முதல் இரவுப் பந்தயம் இங்கேதான். 1910இல் கட்டிய ஆண்டர்சன் பாலத்தின் இரும்பு வளைவுகளுக்கு அடியில் கார்கள் நுழைந்து போகும். புழுக்கத்தில் ஓட்டுநர்களுக்கு இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகவே போய்விடும். சுவர் பக்கத்திலேயே நிற்கும், கவனம் ஒரு நொடி பிசகினால் முடிந்தது. 2023இல் தடத்தின் 23 வளைவுகளை 19 ஆகக் குறைத்தார்கள். பார்வையாளர் மேடைக்கு அடியில் நுழைகிற வளைவு போய்விட்டதில் எனக்கு வருத்தம்.

அடுத்த பந்தயத்துக்குப் பேரனையும் கூட்டிக்கொண்டு வா. இரவு பாடாங் மைதானம் பக்கம் பார்ப்போம். மறுநாள் காலை தாம்சன் சாலையில் அந்த மேட்டைக் காட்டுவோம், உன் அப்பா நின்ற இடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்புடன்,
மணி