அந்தக் கற்களை எடுத்த இடத்திலேயே நட்டுக் கொடுங்கள்

எங்கள் ஊராட்சியை இப்போது நிர்வகிக்கும் அலுவலர்களுக்கும், மயான வேலையை மேற்பார்வை செய்யும் ஒன்றியப் பொறியாளருக்கும் வணக்கம்.

மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் கண்மாய்க்கரை மயானத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எரிமேடைக்கும் அதற்குப் போகிற பாதைக்கும் இடம் சீர்செய்ய ஜேசிபி வந்தது. சீமைக்கருவேல முள்ளோடு சேர்த்து, மேற்குப் பக்கம் இருந்த பழைய சமாதிக் கற்களையும் பெயர்த்து ஓடை ஓரம் தள்ளிவிட்டுப் போனது. கிராம சபையில் சொன்னோம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுத்தோம். ரசீது கையில் இருக்கிறது. பதில் மட்டும் வாய்மொழியாகத்தான் வந்தது: "கல்லெல்லாம் பத்திரமா இருக்கு, சுற்றுச்சுவர் எழும்புனதும் சுவர் ஓரமா வரிசையா சாத்தி வச்சிருவோம்."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத வேண்டியதாயிற்று. சுவர் ஓரம் சாத்தி வைப்பது எங்களுக்கு வேண்டாம். எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே அதை நட்டுக் கொடுங்கள். எரிமேடையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஐப்பசி அடைமழையில் சிதைக்கு மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இந்த ஊரில் நிறைய பேர். மேடையும் வேண்டும், கூரையும் வேண்டும். ஆனால் எங்களைப் போலப் புதைக்கிற வழக்கமுள்ள குடும்பங்களுக்கு அந்த மேற்குப் பக்கம்தான் எல்லாம்.

எங்கள் வகையறாவின் மிகப் பழைய கல் முழங்கால் உயரம்தான் இருக்கும். மேல்முனையை வளைத்துக் கொத்திய கருங்கல். அதில் ஒரு பெயர், 'தாது வருசம் மாசி மாதம்', அதோடு சரி. தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. தாது 1876லும் பிறந்தது, 1936லும் பிறந்தது. அந்தப் பெரியவர் எந்தத் தாதுவில் போனார் என்பதை அந்தக் கல் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் இன்னொரு கல் இருந்தது. அதில் 'மேற்படியார் பாரியாள்' என்று தொடங்கி, பெயருக்குக் கீழே 1902 என்று எண்ணால் வெட்டியிருக்கிறது. மனைவியின் கல் 1902 என்றால், 'மேற்படியார்' அதற்கு முன்பே போனவர். அப்படியானால் அவர் கண்டது முதல் தாது, பஞ்சத் தாது. பென்னிகுக் கட்டிய அணையிலிருந்து 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்புவதற்குப் பதினெட்டு வருடம் முன்பே அவர் கண்ணை மூடிவிட்டார். கண்மாய்த் தண்ணீரை மட்டும் நம்பிக் கிடந்த ஊருக்குக் கால்வாய் வந்ததை அவர் மனைவி இருந்து பார்த்திருக்கிறார். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே எங்களுக்கு ஒருபோகம் என்று இன்றைக்கும் நாங்கள் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறோமே, அந்தக் கணக்கு எங்கள் குடும்பத்தில் தொடங்கியது அந்த அம்மாளின் காலத்தில்தான்.

இத்தனையும் இரண்டு கற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் தெரிந்தது. இப்போது ஒன்று குவியலுக்கு அடியில் கிடக்கிறது, மற்றொன்று ஓடைச் சரிவில் கிடக்கிறது. அந்த 'மேற்படியார்' யார் என்று இனி எந்தப் பேரன் வந்து பார்த்தாலும் சொல்ல முடியாது. சுவர் ஓரம் எவ்வளவு அழகாக வரிசைப்படுத்தினாலும் சொல்ல முடியாது.

இன்னொரு கல் உண்டு. அதன் கீழே யாரும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே இறந்துபோன பூட்டனின் தம்பிக்கு, அண்ணன் பக்கத்தில் இடம் விட்டு ஊன்றியது. ஊருக்குத் திரும்பாதவனுக்கும் மண்ணில் பங்கு உண்டு என்று நினைத்த மனிதர்கள் அவர்கள்.

சரி, கல் போனால் என்ன, பதிவேட்டில் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்திருந்தால் நாங்கள் ஏன் கல்லைத் தேடி அலைகிறோம்? எங்கள் புஞ்சையில் ஒரு பகுதிக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் ஓடுகிறது. மாற்றப் போனால் அவருடைய இறப்புச் சான்று கேட்கிறார்கள். கர்ணம், மணியம் காலத்துப் பதிவேட்டில் அந்த வருடத்து ஏடே செல்லரித்துப் போயிருக்கிறது. இறந்து ஓராண்டு கடந்துவிட்டால் வெறும் விண்ணப்பத்தில் பதிய முடியாது, உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவுக்குத் தேதி வேண்டும். எங்களிடம் இருந்த தேதி அவர் தலைமாட்டுக் கல்லில் இருந்தது. அந்தக் கல்லைத்தான் ஜேசிபியின் வாளி நடுவில் உடைத்திருக்கிறது. தேதியின் பாதி ஒரு துண்டில், மீதி இன்னொரு துண்டில்.

இதையெல்லாம்கூட ஒருவிதமாகப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் அத்தை நின்ற கோலத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தபோது, வீட்டிலேயே பிறந்த ஆண் குழந்தை ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வருவதற்கு முந்தைய காலம். அந்தப் பிள்ளை பிறந்ததற்கும் தாள் கிடையாது, போனதற்கும் கிடையாது. பூட்டியின் கால்மாட்டில், கிழக்கே மூன்று எட்டில் புதைத்து, எழுத்து ஒன்றும் இல்லாத ஒரு கருங்கல் துண்டை அடையாளம் வைத்தார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அத்தை பஸ் ஏறி வந்துவிடுவார். பூட்டி கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து எட்டு வைத்துப் போய்ப் பால் ஊற்றுவார்.

போன ஆடி அமாவாசைக்குத் தூக்குச்சட்டியில் பாலோடு வந்தவருக்கு முன்னால் வெறும் செம்மண் தரை கிடந்தது. பூட்டி கல் இருந்தால்தானே எட்டு வைக்க முடியும்? "எந்த எடம்டா, எந்த எடம்டா" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இங்கும் அங்கும் நடந்தார். நான் ஓர் இடத்தைக் கைகாட்டினேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பாலை அங்கே ஊற்றவும் மனம் வரவில்லை, திருப்பி எடுத்துப் போகவும் மனம் வரவில்லை. கடைசியில் வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஜேசிபி ஓட்டிய தம்பி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. எழுத்தில்லாத கல் அவருக்குக் கல்தான். வண்டியை உள்ளே விடுவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, எது யாருடையது என்று ஒரு மாலைநேரம் கேட்டிருக்கலாமே. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே, அதுதான் கோபம்.

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டினார்கள். எந்தக் குழி, என்ன ஆழம் என்று அளந்து குறித்துக்கொண்ட பிறகுதான் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்தார்கள். அங்கே கிடைத்த மண்டையோடுகளை வைத்து, அந்த மனிதர்களின் முகத்தையே வடித்துக் காட்டிவிட்டார்கள். பார்த்தபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய செத்தவருக்கு இவ்வளவு மரியாதை தெரிந்த நாட்டில், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தையவர் ஏன் இடைஞ்சலாகிப் போனார்? இதே மேலூர் வட்டாரத்தில்தான் 2015இல், கிரானைட் விசாரணையின்போது, நரபலிப் புகாருக்காகத் தோண்டுகிற இடத்தை விட்டு நகராமல், விசாரணை அதிகாரி சகாயம் ஐயா இரவு முழுவதும் சுடுகாட்டிலேயே படுத்திருந்தார். அதிகாரி என்றால் எப்படி இருக்கலாம் என்று பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். அதனால்தான் உங்களிடமும் எதிர்பார்க்கிறோம்.

பாதை என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். காலனிக்காரர்களின் மயானத்துக்கு இன்றுவரை பாதையே இல்லை. நடவு நேரத்தில் செத்தால் வரப்பில் வழுக்கி வழுக்கித்தான் தூக்கிப் போகிறார்கள். ஒரே ஊருக்கு இரண்டு மயானம் இருப்பதே கேவலம். இருக்கிற வரைக்கும் பாதையாவது இரண்டுக்கும் போட வேண்டாமா? எங்கள் பக்கம் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்த அந்த வண்டிக்கு அங்கே உண்மையான வேலை காத்துக் கிடக்கிறது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: கற்களை எடுத்த இடத்திலேயே நட்டுக் கொடுங்கள். இடம் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கல்யாணத்திலும் கருமாதியிலும் எடுத்த பழைய போட்டோக்களில் பின்னால் கற்கள் தெரிகின்றன, அவற்றையும் சேகரித்து வைத்திருக்கிறோம். ஆள்கூலியை வகையறாக்கள் கூடி ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் பக்கம் இருந்து நில அளவையர் ஒருவரை அனுப்புங்கள். எந்தக் கல் எங்கே என்று அவர் ஒரு வரைபடம் போட்டு, அதை ஊராட்சிப் பதிவேட்டில் சேர்த்துவிட்டால் அடுத்த முறை வரும் வண்டிக்கும் தெரியும். பாதையை ஓர் ஆள் அகலம் கிழக்கே நகர்த்தினால் பழைய பகுதி முழுக்கத் தப்பிக்கிறது. புலப்படத்தில் அளந்து பார்த்தோம், இடம் இருக்கிறது.

ஓடைக் கரையை உயர்த்த அந்தக் குவியலை நிரவப் போவதாக ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். வேலையைத் திரும்பத் தொடங்குவதற்கு முன் அதை எழுத்தில் நிறுத்தி உத்தரவு போடுங்கள். அப்புறம் உங்களுக்குத் தோதான ஒரு நாளைச் சொல்லுங்கள். தை அமாவாசைக்கு முன்னால் அமைந்தால் அத்தையையும் கூட்டி வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கண்மாய்க்கரை மயானத்தில் முன்னோரைப் புதைத்த வகையறாக்களின் சார்பில், ஒரு விவசாயி