நீரில் கிடந்த மரம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஊர்க் கிணற்றைத் தூர்வாரியபோது அடியில் கிடைத்த நெல்லிக்கட்டைத் துண்டுகளை எடுத்து வைத்திருப்பதாகவும், அவற்றை வெயிலில் உலர்த்தி எண்ணெய் பூசலாமா என்றும் கேட்டிருந்தாய். தயவுசெய்து வெயிலில் வைக்காதே. ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கட்டைகள் முழுக்க மூழ்கும்படி போட்டு, வெளிச்சம் படாமல் மூடி வை. பாசி பிடித்தால் தண்ணீரை மாற்று. மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

நெடுங்காலம் நீரில் ஊறிய மரத்தின் செல் சுவர்களில் இருக்கும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளை நுண்ணுயிரிகள் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகின்றன. மிஞ்சுவது, மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருளால் ஆன மெல்லிய கூடு. அந்தக் கூடு சரியாமல் நிற்பதற்கு உள்ளே நிறைந்திருக்கும் தண்ணீரே காரணம். தண்ணீர் ஆவியாகி வெளியேறும்போது அதன் பரப்பு இழுவிசை அச்சுவர்களை உள்நோக்கி இழுத்து நசுக்கிவிடும். எடுத்த அன்று திடமாகத் தெரிந்த கட்டை சில நாட்களில் சுருங்கி, வெடித்து, முறுக்கிக்கொள்ளும். திரும்ப ஊறவைத்தாலும் பழைய வடிவம் வராது. ஆகவே பழம்பொருட்களைப் பாதுகாக்கும் எங்கள் துறையின் வேலை, தண்ணீர் இருந்த இடத்தில் ஆவியாகாத வேறொன்றைக் குடியேற்றுவதுதான்.

சென்ற ஆண்டு மகள் வீட்டுக்கு ஸ்டாக்ஹோம் சென்றிருந்தபோது வாசா கப்பலைப் பார்த்தேன். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் மூழ்கிய அந்தப் போர்க்கப்பலை 1961 ஏப்ரல் 24 அன்று மேலே கொண்டுவந்தார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவாக இருப்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே வாழ்வதில்லை. அதனால்தான் சிற்பங்கள்கூடத் தப்பின. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் கரைத்து, அதன் செறிவைப் படிப்படியாகக் கூட்டி, 1962 முதல் 1979 வரை கப்பல் மீது தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு மேலும் 9 ஆண்டுகள் மெதுவாக உலரவிட்டார்கள். அரையிருட்டான கூடத்தில் அதன் கருத்த பலகைகளின் அருகே நின்றபோது, சில இடங்களில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருந்த படிவுகளிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தப் படிவுகள் பரவலாகக் கவனத்துக்கு வந்தது 2000ஆம் ஆண்டின் மழை மிகுந்த கோடையில்தான். நகரக் கழிவு கலந்த துறைமுகத்தின் அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழ்ந்த பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்க, அதிலிருந்த கந்தகம் மரத்துக்குள் இறங்கிவிட்டது. துருப்பிடித்துக் கரைந்த ஆணிகளின் இரும்பும் கூடவே இறங்கியது. காற்றில் ஈரப்பதம் ஏறியபோது, இரும்பின் தூண்டுதலால் கந்தகம் கந்தக அமிலமாக மாறத் தொடங்கியது. கப்பலை 333 ஆண்டுகள் காத்த அதே ஆக்சிஜனற்ற சேறுதான் இந்த அமிலத்துக்கும் வித்திட்டது என்பதை நினைக்க எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. பிறகு கூடத்தின் குளிர்சாதன அமைப்பைப் புதுப்பித்து ஈரப்பதத்தைச் சீராக்கினார்கள். 5,000க்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்தினார்கள்.

நார்வேயின் ஓசபெர்க் என்ற இடத்தில், வைக்கிங் காலப் புதைமேடு ஒன்றில், 1904இல் கிடைத்த மரப்பொருட்களின் நிலை இதைவிட வருத்தமானது. செதுக்கு வேலைப்பாடு மிக்க பல பொருட்களை, அக்காலத்தில் அறிந்திருந்த சிறந்த முறைப்படி, சூடான படிகாரக் கரைசலில் ஊறவைத்தார்கள். படிகாரம் உறைந்து வடிவத்தைத் தாங்கியது உண்மை. ஆனால் அந்தச் சூட்டிலேயே அமிலமும் உண்டாகி மரத்தை உள்ளிருந்து அரித்தது. மேலே அரக்குப் பூச்சு அழகாக இருக்க, உள்ளே தொட்டால் உதிரும் தூள்தான் மிஞ்சியிருக்கிறது. அன்று அதைச் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அப்படிச் செய்திராவிட்டால் பார்ப்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம் உண்டு. கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரில் நடந்த அகழாய்வில், பழைய முசிறித் துறைமுகமாக இருக்கலாம் என்று பலரும் கருதும் அந்த இடத்தில், 2007இல் சேற்றுக்குள்ளிருந்து சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஓடம் கிடைத்தது. அயினி மரத்தைக் குடைந்து செய்தது. நம் கடற்கரையோரங்களிலும் இப்படி மரம் கிடைக்காது என்று யார் சொல்ல முடியும்? தோண்டுவதற்கு முன்பே தொட்டி, மருந்து, ஆள், பல ஆண்டுகளுக்கான பணம் ஆகியவை தயாராக இருக்க வேண்டும்; அவை இல்லாத இடத்தில், கண்ட மரத்தைப் பதிவு செய்துவிட்டு ஈரமண்ணால் மூடிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அகழாய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஓராண்டுக் கணக்கில்தான் யோசிக்கிறார்கள். கருவூலத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவன் நீ. 20 ஆண்டுகளுக்குத் தொடர வேண்டிய ஒரு செலவுக்கு அரசிடம் எப்படிக் கோரிக்கை எழுத வேண்டும், எந்தத் தலைப்பில் கேட்டால் இடையில் நிற்காது என்பதை விரிவாக எழுதி அனுப்பு. நான் தயாரிக்கும் மனுவுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.

அன்புடன்,
மாணிக்கம்